பொருளால் பிரிப்பதும் ஒலியால் பிரிப்பதும்: மருத்துவ ஆங்கிலச் சொற்களும் தமிழ் அசையும்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொல்லை எங்கே பிரிப்பது என்பதற்காக அவை கூடி வழக்காடிய ஊர் இது. குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது முதற்சொல்லிலேயே தடை எழுந்ததாகக் காஞ்சி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். 'திகட சக்கரம்' என்று அவர் தொடங்கினார். 'திகழ்' என்பதும் 'தசக்கரம்' என்பதும் புணர்ந்தால் இப்படி ஆகுமா, இதற்கு விதி எங்கே என்று அவையில் ஒருவர் எழுந்து கேட்டார். அரங்கேற்றம் நின்றது. பிறகு முருகனே சோழநாட்டுப் புலவர் வடிவில் வந்து, வீரசோழியத்தில் இதற்கு விதி இருக்கிறது என்று காட்டியதாகக் கதை முடிகிறது.

இந்தக் கதையில் உள்ள இலக்கணச் செய்திதான் இன்று எனக்கு வேண்டும். பொருள் நோக்கில் அந்தச் சொல்லின் மூட்டுகள் ஓரிடத்தில் இருக்கின்றன: திகழ், தச, கரம். ஒலி நோக்கில் வேறிடத்தில் இருக்கின்றன: திகட, சக்கரம். காதில் விழுந்தபடி மட்டும் பிரிப்பவருக்கு ஒரு சக்கரம் கிடைக்கும். அங்கே உண்மையில் இருப்பவை பத்துக் கைகள். இரண்டு பிரிப்பும் தேவை; இரண்டும் ஒன்றல்ல. ஆங்கில மருத்துவச் சொற்களில் இதே நிலைமை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அவற்றைப் படிக்கத் திணறும் நம் பிள்ளைகளுக்கு யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பயம் போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த ஊரில் 1909-ல் பிறந்த அறிஞர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் நாம் இழந்தோம். உணவுக்குழாயில் வந்த புற்றுநோய். முந்தைய ஆண்டு நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. அவர் பெயரால்தான் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நடக்கிறது. அந்த உறுப்பின் ஆங்கிலப் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் அது 'ஓ' என்ற எழுத்தோடு தொடங்கும். அமெரிக்கர்கள் அந்த எழுத்தையே விட்டுவிடுவார்கள். இரு நாட்டாரும் அதை ஒலிப்பதில்லை. பொருளால் பிரித்தால் ஈசோ, ஃபகஸ் என்று இரண்டு துண்டு. பின்துண்டு உண்ணுதலைக் குறிக்கும் கிரேக்க வேர். ஒலியால் பிரித்தால் ஈ-சாஃப்-அ-கஸ் என்று நான்கு அசை. அழுத்தம் 'சாஃப்' மேல். ஃபகஸ் என்ற வேரின் தலையெழுத்தைப் பிய்த்து முன் அசையோடு ஒட்டிவிடுகிறது ஆங்கில நாக்கு. வேரைத் தெரிந்துகொண்ட மாணவர் ஈசோ என்று நிறுத்தி ஃபாகஸ் என்று தொடங்குகிறார். அவர் பொருளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஒலியின் மூட்டு வேறிடத்தில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு சொற்கள். இரைப்பையைக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை: பொருளால் காஸ்ட்ரோ, ஸ்கோபி, ஒலியால் காஸ்-ட்ராஸ்-க-பி. இதயநோய்த் துறை: பொருளால் கார்டியோ, லஜி, ஒலியால் கார்-டி-ஆல்-அ-ஜி. இந்த இரண்டாவது சொல்லில் சற்று நின்று பார்க்க வேண்டும். 'கார்டி' இதயம், 'லஜி' துறை. நடுவில் நிற்கும் 'ஓ' எதைக் குறிக்கிறது? எதையும் குறிக்கவில்லை. இரண்டு பகுதிகளை இணைப்பது மட்டுமே அதன் வேலை. இப்படிப்பட்ட உறுப்புக்குத் தொல்காப்பியமே சாரியை என்று பெயர் வைத்து வகைப்படுத்திவிட்டது. மரம் என்பது மரத்தை ஆகும்போது நடுவில் வரும் 'அத்து' போன்றது இந்த 'ஓ'. அடுத்த துண்டு உயிரில் தொடங்கினால் அது விலகிக்கொள்ளும். இரைப்பை அழற்சி காஸ்ட்ரைடிஸ்தான், காஸ்ட்ரோ-ஐடிஸ் ஆவதில்லை. இரண்டு உறுப்புப் பெயர்கள் சேரும்போது மட்டும் உயிர் வந்தாலும் இடம்விடாது நிற்கும். காஸ்ட்ரோஎன்டரைடிஸ் அப்படி வந்தது. தமிழில் இரண்டு உயிர்கள் சந்தித்தால் யகரமோ வகரமோ இடையில் வந்து உடம்படுத்தும். கிரேக்க வழக்கில் ஓர் உயிர் விட்டுக்கொடுக்கிறது. உடம்படுமெய் படித்த நம் மாணவருக்கு இது ஒரு நாளில் விளங்கும் செய்தி.

பொருளே இல்லாத அந்தச் சாரியையின் மேல்தான் சொல்லின் முழு அழுத்தமும் விழுகிறது. கார்டியாலஜியில் ஓங்கி ஒலிக்கும் 'ஆ' அந்த இணைப்பு 'ஓ'தான். ஏன் அங்கே விழுகிறது? இதற்கு விதி இருக்கிறது. அந்த விதியை ஆங்கிலத்தில் சொல்வதைவிடத் தமிழில் சொல்வது எளிது. இதைச் சொல்வதற்காகத்தான் இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டேன்.

பள்ளியில் குறளை அலகிட்டுப் பழகியவர்கள் நீங்கள். குறில் எது, நெடில் எது, ஒற்று எங்கே என்று கண் பார்த்தவுடன் சொல்வீர்கள். முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாப்பில் 'கரு' என்பது ஓரசை, நிரை. ஆங்கிலக் கணக்கில் அது க, ரு என்று இரண்டு. உயிரொலி எத்தனையோ அத்தனை அசை என்பதே ஆங்கிலக் கணக்கு. இனி விதி. கடைசி அசையை விட்டுவிடுங்கள். அதற்கு முந்தியதைப் பாருங்கள். அது நெடிலாக இருந்தாலும், குறிலை ஒட்டி ஒற்று நின்றாலும் அழுத்தம் அங்கேயே. வெறும் குறிலாக இருந்தால் அழுத்தம் இன்னும் ஓர் அசை முன்னால் போகும்.

முழங்கால் சில்லு, ப-டெல்-லா: 'டெல்' ஒற்றோடு நிற்கிறது, அழுத்தம் அதன்மேல். சிறுமூளை, செ-ரி-பெல்-லம்: 'பெல்' அப்படியே. முன்சிறுகுடல், டியூ-ஓ-டீ-னம்: 'டீ' நெடில், அழுத்தம் அங்கே. மேற்கை எலும்பு, ஹியூ-ம-ரஸ்: நடுவில் 'ம' வெறும் குறில், ஆகவே அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடுகிறது. கருப்பை, யூ-ட-ரஸ்: அதே கதை. நியூ-மோ-னி-யா: 'னி' குறில், அழுத்தம் 'மோ' மேல். நாம் முதலில் பார்த்த ஈ-சாஃப்-அ-கஸ்: 'அ' குறில், அழுத்தம் 'சாஃப்' மேல். கார்டியாலஜியில் ஈற்றுக்கு முந்திய 'அ' குறில். அதனால்தான் அழுத்தம் 'ஆல்' மேல் ஏறுகிறது.

இது ரோமானியர் பேசிய லத்தீனின் விதி. கிரேக்கச் சொற்கள் பெரும்பாலும் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்ததால் அவையும் இந்தக் கட்டுக்குள் வந்தன. லத்தீனுக்கும் தமிழுக்கும் உறவில்லை. ஆனால் இரண்டும் ஒலியை மாத்திரையால் அளந்த மொழிகள். ஆங்கிலம் அப்படி அளப்பதில்லை. அதனால் லண்டனில் பிறந்த மாணவர் இந்த விதியைப் புதிதாகக் கற்க வேண்டும். இந்த ஊர் ஓரிக்கையில் பிறந்த மாணவரிடம் அதற்கான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவரிடம் அது இருக்கிறது என்று யாரும் சொல்லாததுதான் குறை.

விதிக்கு எல்லையும் உண்டு. ஆங்கில எழுத்து குறில் நெடிலைக் காட்டாது. 'ஹியூமரஸ்' என்பதில் நடு உயிர் குறில் என்று எழுத்தைப் பார்த்து அறிய வழியில்லை. அங்கே அகராதிதான் துணை. 1900-ல் முதலில் வந்த டார்லண்ட் அகராதியும் 1911-ல் வந்த ஸ்டெட்மன் அகராதியும் இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒலிப்பையும் தருகின்றன. பொது ஆங்கில அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகளை உச்சரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்லும் குறிகள். பிரிட்டிஷ் அச்சகங்கள் வேரைப் பார்த்தும், அமெரிக்க அச்சகங்கள் ஒலியைப் பார்த்தும் உடைத்து வந்தன. ஒரே சொல் இரண்டு நாட்டுப் புத்தகங்களில் இரண்டு இடங்களில் உடைந்திருப்பது அதனால்தான். டியூஓடீனம் என்பதையே சிலர் டியூ-ஆட்-அ-னம் என்று இரண்டாம் அசையில் அழுத்துவார்கள்; அதுவும் வழக்கில் உள்ளது. பேராசிரியர் ஒருவிதமாகவும் அகராதி ஒருவிதமாகவும் ஒலித்தால் கலங்க வேண்டாம்.

அழுத்தம் அழகுக்காக என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீரகத்தைச் சார்ந்த மூன்று அறுவைச் சொற்களைக் கேளுங்கள். நெஃப்-ரெக்-ட-மி என்றால் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவது. நெஃப்-ராட்-ட-மி என்றால் அதைக் கீறித் திறப்பது. நெஃப்-ராஸ்-ட-மி என்றால் சிறுநீர் வடிய வழி வைப்பது. தொடக்கமும் முடிவும் மூன்றிலும் ஒன்று. வேறுபாடு முழுவதும் அழுத்தம் விழும் அந்த ஓர் அசையில் இருக்கிறது: ரெக், ராட், ராஸ். நம் பழக்கப்படி எல்லா அசையையும் ஒரே கனத்தில் வேகமாகச் சொல்லிப் போனால், கேட்பவர் காதில் மூன்றும் ஒன்றாகிவிடும். அந்த அசையில் ஊன்றி நின்றால் மூன்றும் மூன்றாகவே போய்ச்சேரும்.

ஒலிக்காத எழுத்துகளையும் அசைப் பிரிப்பே விளக்குகிறது. நிமோனியாவின் தலையில் 'பி' என்ற எழுத்து ஊமையாக நிற்கிறது. சொரியாசிஸிலும் அப்படியே. 'ப்ன', 'ப்ஸ' என்று கிரேக்கர் சொல்லைத் தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் அப்படித் தொடங்க முடியாது. எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியம் பட்டியல் தருகிறது அல்லவா, அதுபோன்ற தடை ஆங்கிலத்துக்கும் உண்டு. நாம் அத்தகைய இடத்தில் முன்னால் ஓர் உயிரைச் சேர்ப்போம். ஸ்கேன் 'இஸ்கேன்' ஆவது அப்படித்தான். ஆங்கிலம் முதல் மெய்யைக் கைவிடும். இப்போது அந்த 'ப்ன' தொடக்கத்துக்கு முன்னால் ஓர் 'அ' சேர்ந்தால் என்ன ஆகிறது? மூச்சு நின்றுபோகும் நிலை: ஆப்-னி-யா. ஊமையாக இருந்த 'ப்' வாய் திறந்துவிட்டது! முன்னால் ஓர் உயிர் வந்ததும் சாய்ந்துகொள்ள அதற்கு ஓர் அசை கிடைத்தது. மூச்சுத்திணறலைக் குறிக்கும் டிஸ்ப்-னி-யாவிலும் அதே. இருமலில் இரத்தம் வருவதைச் சொல்லும் ஹி-மாப்-டி-சிஸ் என்பதிலும் அதே. எந்த எழுத்து ஊமை, எது பேசும் என்று சொல் சொல்லாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020-21 கல்வியாண்டிலிருந்து கிடைக்கிறது. தமிழ்வழியில் உயிரியல் படித்த பிள்ளைகள் உடற்கூற்று வகுப்பில் முதன்முறையாக இந்தச் சொற்களைச் சந்திக்கிறார்கள். அறிவில் குறைவில்லாத பிள்ளை ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு, வகுப்பு சிரித்ததும் பிறகு கையையே தூக்காமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் போனால் மருத்துவமே போயிற்று.

தமிழிலேயே மருத்துவம் படிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும் என்று காட்டியவர் இருந்தார். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-ல் வந்தது. வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. இந்தப் பெயரை நான் மிகவும் மதிக்கிறேன். அந்நியச் சொல்லைக் கொள்ள வேண்டிய இடத்தில், அதன் ஈற்றைத் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி மாற்றி, 'அம்' என்று முடித்து, வேற்றுமை உருபு ஏற்கும் சொல்லாக ஆக்கிவிட்டார். அந்த வழி தொடர்ந்து நடக்கவில்லை என்பது தீராத வருத்தம். அது மீண்டும் தொடங்கும் நாள்வரை, இந்த ஆங்கிலச் சொற்களின் வாசலில் நம் பிள்ளைகளை நிறுத்திவைக்கக் கூடாது.

நம் ஊர் நோயாளிகளுக்கும் இது பொருந்தும். குழித்தறியில் காலை இறக்கி, ஆண்டுக்கணக்கில் குனிந்து நெய்தவருக்குக் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். எந்த வலியானாலும் 'ஸ்பாண்டிலிட்டிஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்பான்-டி-லோ-சிஸ் என்பது முதுகெலும்புத் தேய்மானம். ஸ்பான்-டி-லை-டிஸ் என்பது அழற்சி. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. இங்கேயும் ஈற்றயல் நெடில்தான் அழுத்தம் ஏற்று இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. 'லை' தேய்ந்து 'லி' ஆனால் அந்த வேறுபாடு கேட்பவருக்குப் போய்ச்சேராது.

நம் நாக்கின் எல்லாப் பழக்கமும் திருத்த வேண்டியதல்ல. சர்க்கரை ஏறினால் ஹைப்பர்கிளைசீமியா, இறங்கினால் ஹைப்போகிளைசீமியா. ஒன்றுக்கு இன்சுலின், மற்றதற்குக் குளுக்கோஸ். தெற்கு இங்கிலாந்து உச்சரிப்பில் 'ஹைப்பர்' என்பதன் ரகரம் மெய்யெழுத்துக்கு முன் கரைந்துவிடும். நாம் ரகரத்தை முழுதாக ஒலிக்கிறோம்; அதனால் நம் வாயில் இவ்விரண்டும் தெளிவாகப் பிரிகின்றன. யாருடைய உச்சரிப்பையோ பார்த்து இந்த ரகரத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி மருந்துகள். நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து இரண்டு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன: வின்-கிறிஸ்-டீன், வின்-பிளாஸ்-டீன். வின்கிறிஸ்டீன் ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. வின்பிளாஸ்டீன் அளவு அதைவிட மிக அதிகம். இடம் மாறினால் உயிருக்கு ஆபத்து. நல்வாய்ப்பாக, ஈற்றயல் அசை ஒற்றோடு நிற்பதால் அழுத்தம் வேறுபடும் பகுதியிலேயே விழுகிறது: கிறிஸ், பிளாஸ். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் இணையில் அந்த நல்வாய்ப்பு இல்லை. சிஸ்பிளாட்டினில் அழுத்தம் இரண்டுக்கும் பொதுவான 'பிளாட்' மேல் விழ, வேறுபடும் தலைப்பகுதி தாழ்ந்து ஒலிக்கிறது. கார்போபிளாட்டின் அளவு சிஸ்பிளாட்டினைப்போல் பல மடங்கு. ஆகவே இந்த இணையில் விதியை மீறித் தலைப்பகுதியை ஓங்கிச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். ஒலியும் எழுத்தும் ஒத்த மருந்துப் பெயர்களால் வரும் தவறுகளை உலக சுகாதார நிறுவனம் 2007-ல் தன் நோயாளிப் பாதுகாப்புப் பரிந்துரைகளில் முதலாவதாக வைத்தது. ஆங்கிலத்தில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லை. குரலால்தான் அதைச் செய்ய வேண்டும்.

வின்கிறிஸ்டீனைப் பற்றி அதே 2007-ல் இன்னோர் எச்சரிக்கையும் வந்தது. அது இரத்தக்குழாய் வழியாக மட்டுமே செல்ல வேண்டும். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் போனால் அநேகமாக மரணம்தான். முதல் வழியின் பெயர் இன்-ட்ரா-வீ-னஸ். இரண்டாவதன் பெயர் இன்-ட்ரா-தீ-கல். அழுத்தம் ஏற்கும் அசையில் வேறுபாடு ஒரே மெய்: வீ, தீ. பழந்தமிழில் 'வீ' என்றால் பூ. பூச்செடியிலிருந்து வந்த மருந்துக்கு 'வீ' வழி, மற்றது தீ. நர்சிங் மாணவர்கள் இதை இப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

பொருளும் ஒலியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பிரியும் பெயர்களும் வந்திருக்கின்றன. 1953 முதல் செயல்படும் சர்வதேசப் பொதுப்பெயர்த் திட்டத்தில் மருந்துப் பெயர்களைக் குழு கூடி அமைக்கிறார்கள். மார்பகப் புற்றுக்குத் தரும் டிராஸ்-டு-ஸு-மேப் என்ற பெயரில் 'டு' கட்டியையும், 'ஸு' மனிதப் புரதம்போல் மாற்றியமைத்ததையும், 'மேப்' நோயெதிர்ப்புப் புரத மருந்து என்பதையும் குறிக்கும். புதிய பெயர்களுக்கு 2017-ல் 'ஸு' போன்ற உறுப்பையும், 2021-ல் 'மேப்' என்ற ஈற்றையுமே விட்டுவிட்டார்கள். பழைய பெயர்கள் அப்படியே நீடிக்கின்றன.

இந்த அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். வார்டிலும் மருந்தகத்திலும் மாட்டத்தக்க பலகை ஒன்று தமிழ் எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி: மேலே பொருள் பிரிப்பு, கீழே ஒலிப் பிரிப்பு, அழுத்தம் விழும் அசை சிவப்பில். வாய்மொழியாக மருந்துப் பெயர் கேட்டவர் அதை அசை பிரித்துத் திருப்பிச் சொல்லி, சொன்னவர் ஆம் என்ற பிறகே மருந்தை எடுக்கும் வழக்கமும் அதோடு சேர வேண்டும். மாணவர்களே பட்டியலைத் தயாரிக்கட்டும். மருத்துவர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து சரிபார்க்கட்டும். முதல் பலகையில் ஹைப்பர், ஹைப்போ இணையும், நெஃப்ரெக்டமி முதலான மூன்றும், சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் இணையும், நித்தியகல்யாணி மருந்துகள் இரண்டும், அவற்றின் கீழே இன்ட்ராவீனஸ் என்ற ஒரே வழியும் இருக்கட்டும்.